புளி போட்டு விளக்கிய சம்புடம்

நோயாளியிடம் ‘சுத்தமான பாத்திரத்தில் கொண்டு வாருங்கள்’ என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். எந்தப் பாத்திரம், அதை எதனால் கழுவ வேண்டும், எதனால் கழுவக் கூடாது என்று சொல்லுங்கள். இயலுமானால் ஆஸ்பத்திரியிலிருந்தே கொடுத்தனுப்புங்கள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லக்கூடிய உருப்படியான யோசனை இது ஒன்றுதானோ என்று சில நாட்களில் தோன்றுகிறது. மற்றவை புத்தகங்களில் இருக்கின்றன.

இதை நான் எவ்வாறு கற்றேன் என்பதை இதுவரை எழுதியதில்லை. அந்த விவகாரத்தில் வாய் திறந்து பேசியவர்களில் மூவர் முன்பே போய்விட்டார்கள். நான்காமவள் என் மனைவி. சென்ற ஐப்பசியில் அவளும் காலமானாள். இனி இதனால் சங்கடப்படுவதற்கு நான் ஒருவன்தான் மீதி.

ஐரோப்பாவில் பெரிய யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முந்திய காலம். திருநெல்வேலி டவுணில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நான் உதவி டாக்டராக இருந்தேன். எனக்கு மேலே இருந்த பெரிய டாக்டரின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. என் தொழிலில் நான் அறிந்தவற்றில் பாதி அவர் தந்தது. அவசரப்படாமல் பார்ப்பவர், பார்த்தபின் தயங்காமல் சொல்பவர். அந்த இரண்டாவது குணத்தை நானும் பெற வேண்டுமென்று அக்காலத்தில் மிகவும் ஆசைப்பட்டேன்.

ஆழ்வார்குறிச்சிப் பக்கத்து நிலச்சுவான்தார் ஒருவர் அவரிடம் வந்தார். நல்ல சைவக் குடும்பம். மணமாகிப் பல ஆண்டுகள் ஆகியும் குழந்தை இல்லை. கடையத்தில் ஒரு பெண்ணைப் பார்த்துவைத்து, தை மாதத்தில் முகூர்த்தம் என்று அவருடைய தாயார் முடிவு செய்திருந்தார். மூத்த மனைவியை என்ன செய்வது என்ற பேச்சும் வீட்டில் நடந்துகொண்டிருந்தது. பிறந்த வீட்டுக்கு அனுப்பலாம், அல்லது பின்கட்டில் ஓர் அறையைக் கொடுத்துவிடலாம் என்று. அந்த மனிதருக்கு மனைவியிடம் பிரியம் உண்டு. ஆனால் தாயாரை எதிர்த்துப் பேச ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தைத் தேடித்தான் அவர் எங்களிடம் வந்தார் என்று பிறகு எண்ணிக்கொண்டேன்.

பெரிய டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “கல்யாணம் எங்கயும் ஓடிப்போயிராது. முதல்ல உம்மப் பாப்போம்” என்றார். சோதனைக்கு என்ன வேண்டும், எவ்வளவு விரைவாகக் கொண்டுவர வேண்டும் என்று மறைவாக விளக்கினார். சுத்தமான பாத்திரத்தில் கொண்டு வரும்படி சொன்னார். தம்பதிகள் அப்போது ரத வீதியில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடு தூரம்.

மறுநாள் அவர் கொண்டுவந்தது மூடியிட்ட பித்தளைச் சம்புடம் ஒன்று. பொன் போல மின்னியது. கண்ணாடியும் பீங்கானும் அக்குடும்பங்களில் புழங்குவதில்லை, தீட்டு. சுத்தம் என்றால் விளக்கிய பித்தளை. பெரிய டாக்டரும் அத்தகைய வீட்டில் பிறந்தவர், நானும் அப்படியே. எங்களில் ஒருவருக்கும் அந்தச் சம்புடம் விசித்திரமாகப் படவில்லை.

பெரிய டாக்டர் மைக்ராஸ்கோப்பில் நெடுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். விந்தணுக்கள் ஏராளமாக இருந்தன. தலைகள் சரியாக இருந்தன, வால்களிலும் குறை தெரியவில்லை. ஆனால் ஒன்றுகூட அசையவில்லை. பிடுங்கி வயல் நீரில் வீசிய நாற்றுகளைப் போல அவை திக்குக்கு ஒன்றாகக் கிடந்தன. கண்ணாடித் தகட்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். எங்கும் அதே அமைதி.

அந்த மனிதரை உள்ளே அழைத்து, குறை அவரிடம்தான் என்றும், இரண்டாவது மணத்தால் பயன் ஏதும் இராது என்றும் பெரிய டாக்டர் சொன்னார். மருந்து உண்டா என்று அவர் கேட்டார். இல்லை என்று பதில் வந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார், மறுபடி பிரித்தார், மறுபடி மடித்தார். சம்புடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அது இனி அவர் வீட்டுக்குள் போக முடியாது.

பெரிய டாக்டர் படுக்கை நோயாளிகளைப் பார்க்கச் சென்றுவிட்டார். சம்புடத்தை அப்புறப்படுத்த எடுத்தபோது, மூடியின் உள்மடிப்பில் பழுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டேன். நகத்தால் சுரண்டினேன். புளிச் சக்கை. மீதமிருந்த துளியில் நீல லிட்மஸ் தாளைத் தொட்டேன். சிவந்தது.

இங்கே உங்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சற்று நினைவூட்ட வேண்டும். தவளையின் தொண்டைச் சவ்வை அறுத்துத் தனியே எடுத்து வைத்தாலும், அதன் மேலுள்ள நுண்ணிய மயிரிழைகள் அடித்துக்கொண்டே இருக்கும். மூளையோ நரம்போ அவற்றுக்கு ஆணையிடுவதில்லை. ஒரு சொட்டு அமிலப் புளிப்பு பட்டால் தயங்கி நின்றுவிடும். சோடா போன்ற மென்மையான காரம் பட்டால், பொழுது கடந்திராவிட்டால், மறுபடி அடிக்கத் தொடங்கும். விந்தணுவின் வாலும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. தன்னைச் சூழ்ந்த நீர் எத்தகையது என்று அந்தச் சிறு உயிரணு எவ்வாறோ அறிகிறது. அடிப்பதா நிற்பதா என்பதைத் தானே முடிவு செய்துகொள்கிறது. எவ்வாறு அறிகிறது என்பது அன்று எங்களுக்குத் தெரியாது. இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் நின்றிருப்பது வேறு, செத்திருப்பது வேறு என்பது மட்டும் அன்றே புத்தகத்தில் இருந்தது.

மிகவும் நீர்த்த சோடாக் கரைசலில் ஒரு துளியை மூடுதகட்டின் விளிம்பில் விட்டேன். அது மெல்லக் கசிந்து உள்ளே பரவியது. சற்று நேரம் மாற்றம் ஏதும் இல்லை. பிறகு கரைசல் புகுந்த பக்கத்தில் ஒரு வால் துடித்தது. நின்றது. மறுபடி துடித்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கையில் அந்த ஓரம் முழுவதும் கலகலத்துவிட்டது. சில நிலைகொண்ட இடத்திலேயே சுழன்றன. சில என் பார்வை வட்டத்தைக் குறுக்காகக் கடந்து போயின.

பெரிய டாக்டரை அழைத்து வருவதற்குள் அவை மீண்டும் ஓய்ந்துவிட்டன. அவர் குனிந்து பார்த்தார். லிட்மஸ் தாளைப் பார்த்தார். மூடியின் மடிப்பைப் பார்த்தார். என்னைச் சந்தேகிக்கவில்லை. “நீரு பாத்தேன்னா பாத்ததுதான்” என்றார். அந்த ஒரு வாக்கியத்தால் அதன் பொறுப்பு என் தலையில் ஏறிவிட்டது.

உடனே ஆளனுப்பி அந்த மனிதரைத் திரும்ப வரவழைக்கலாம் என்றேன். பெரிய டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கடையத்துக் கல்யாணம் இன்னைக்கு நின்னுபோச்சு வே. ஒரு பொம்பள தப்பிச்சா. அத அங்கன விட்டுரும்.”

தவறான சோதனை என்று தெரிந்தபின் எப்படி விடுவது என்று கேட்டேன். தன் வாயால் சொன்னது பிழை என்று ஊர் நடுவில் நின்று சொல்லவும் தனக்கு வெட்கமில்லை, மறுப்பது அதனால் அன்று என்றார். நாங்கள் உண்மையைச் சொன்னால் அந்த வீட்டில் அது எப்படிக் கேட்கும் என்பதை யோசிக்கச் சொன்னார். ‘அசைகிறது’ என்று நாம் சொல்வோம். ‘குறை அவளிடம்தான்’ என்று அவர்கள் கேட்பார்கள். நாம் அதைச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆனாலும் அப்படித்தான் கேட்பார்கள்.

“அந்த மனுஷருக்கு என்ன ஆகும்?” என்றேன்.

“என்ன ஆகும்? வயல் இருக்கு, வீடு இருக்கு. நாலு நாள் மொகத்தத் தொங்கப்போட்டுக்கிட்டுத் திரிவாரு. பொறவு சரியாயிரும்.”

நான் அடங்கிவிட்டேன். அவர் சொன்னது சரியென்று பட்டதனாலா, சொன்னவர் அவர் என்பதனாலா என்று பிரித்துப் பார்க்க இப்போது இயலவில்லை. உங்கள் மேலதிகாரி நல்லவராக இருந்தால் இந்தப் பிரித்தல் மேலும் கடினம். கெட்டவரை எதிர்ப்பதற்கு யாருடைய அறிவுரையும் உங்களுக்குத் தேவையில்லை.

சில வாரங்கள் கழிந்தன. அந்தக் காலத்தில் பெரிய வீட்டுப் பெண்கள் ஆஸ்பத்திரிப் படி ஏறமாட்டார்கள். எங்கள் வீட்டுக்கு வந்து என் மனைவியோடு உள்ளறையில் உட்காருவார்கள். நான் ஒருக்களித்த கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்க வேண்டியதைக் கேட்பேன். என் மனைவி பதிலை வாங்கிச் சொல்வாள். எத்தனையோ நோய்களை நான் அவள் குரல் வழியாகத்தான் அறிந்தேன். அவ்வாறு ஒருநாள் முற்பகலில், அந்த நிலச்சுவான்தாரின் மனைவியான ஆழ்வார்குறிச்சி அம்மாள் வந்திருந்தார்.

இருமல் என்று சொல்லி வந்தவர், இருமலைப் பற்றிப் பேசவில்லை. கணவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. வயல் பக்கம் போவதில்லை. பங்காளிகள் காதுபட ஏதோ பேசியிருக்கிறார்கள். விடிந்ததும் ஆற்றங்கரைக்குப் போனால், குளிப்பதுமில்லை, திரும்புவதுமில்லை, படித்துறையில் உட்கார்ந்திருக்கிறார். அவரைத் தேடிப் போக இவர் ஒருவர்தான். வெள்ளம் வருகிற மாதம் வேறு.

“ஆளு இருக்காவ, ஆனா இல்லக்கா. எறங்கிட்டா ஏறமாட்டாவளோன்னு பயமா இருக்கு. மருந்து ஏதாவது உண்டான்னு டாக்டரய்யாட்டக் கேட்டுச் சொல்லுங்க.”

என் மனைவி உடனே என்னிடம் கேட்கவில்லை. அதற்குள் அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தி இன்னொன்று கேட்டார். “உங்களுக்கும் பிள்ளை இல்லைன்னாவ. கொற யாருக்குன்னு பாத்தாவளா?”

“எனக்குத்தான்” என்றாள் என் மனைவி.

“அப்பம் நீங்களும் நானும் ஒண்ணு போலன்னுதான் நெனச்சேன். எனக்குக் கொற இல்லைன்னு சொல்லிட்டாவ.”

என் மனைவி சொன்னது உண்மையன்று. எங்களுக்கு மணமாகிச் சில ஆண்டுகளிலேயே, அதே மைக்ராஸ்கோப்பில் நான் என்னைச் சோதித்துப் பார்த்திருந்தேன். அசைவதற்கோ நிற்பதற்கோ அங்கே ஒன்றுமே இருக்கவில்லை. அன்றே அவளிடம் சொல்லிவிட்டேன். சற்று நேரம் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்துவிட்டு, “வெளிய சொல்லாண்டாம்” என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அதன்பின் என் வீட்டாரும் அவள் வீட்டாரும் சொன்ன அத்தனையையும் அவள் வாங்கிக்கொண்டாள். அவள் ‘எனக்குத்தான்’ என்று சொல்லிச் சொல்லி எவ்வளவு பழகிப்போயிருந்தாள் என்பது, கதவுக்கு இப்பால் நின்று கேட்ட அன்றுதான் எனக்குத் தெரிந்தது. குரலில் ஒரு சிறு தடுமாற்றம்கூட இல்லை.

அவள் எழுந்து என்னிடம் வந்தாள். மருந்து உண்டா என்று கேட்டாள். நான் அவளிடம் லிட்மஸ் தாளையும் புளிச் சக்கையையும் சோடாத் துளியையும் பற்றிச் சொன்னேன். பெரிய டாக்டர் சொன்னதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

“நீங்க ரெண்டு பேரும் அவளக் காப்பாத்துததுக்குப் பேசியிருக்கீய. அவகிட்ட ஒரு வார்த்த கேட்டீயளா?”

“கேட்டால் என்ன சொல்வார்கள்?”

“எனக்கு எப்படித் தெரியும்? கேளுங்க.”

நான் கதவருகே சென்று, முகம் காணாமல், எல்லாவற்றையும் சொன்னேன். சோதனை பிழைபட்டுவிட்டது, பாத்திரத்தில் புளி இருந்தது, உங்கள் கணவரின் வித்தில் உயிரில்லை என்று சொன்னது தவறு, அசைகின்றன என்பது மட்டுமே இப்போது தெரிந்தது, அதனால் குறை உங்களிடம் என்று ஆகிவிடாது. கடைசி வாக்கியத்தை இருமுறை சொன்னேன்.

 உள்ளே ஒரு சிரிப்பு போல ஏதோ கேட்டது.

“நாந்தான் வெளக்குனேன். டாக்டரய்யாட்டப் போவுதேன்னு ரெண்டு தடவ புளி போட்டுத் தேச்சேன்.”



பிறகு அவரே, “அவியகிட்டச் சொல்லிருங்க” என்றார்.

என் மனைவி, அவசரப்பட வேண்டாம், வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டுச் சொல்லலாம் என்றாள். கடையத்துப் பெண் இன்னும் மணமாகாமல்தான் இருக்கிறாள் என்பதையும் நினைவுபடுத்தினாள்.

“அது எனக்குத் தெரியாதாக்கா? அத்தை இப்பவும் அவியளோட போக்குவரத்து வச்சிருக்காவ. யோசிக்கதுக்கு என்ன இருக்கு. அவிய அப்படிக் குத்தவச்சு ஆத்தையே பாத்துக்கிட்டு இருக்கத, நான் பாத்துக்கிட்டு, வீட்டுக்கு வந்து சோறு தின்ன முடியுமா? சொல்லிருங்க.”

பெரிய டாக்டரிடம் சென்று, அந்த அம்மாளே கேட்டுக்கொண்டதைத் தெரிவித்தேன். அவர் நீண்ட நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அப்பம் நீரே சொல்லும். எனக்கு வாய் வராது” என்றார். அவர் தயங்கி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அந்த நிலச்சுவான்தாரை வரவழைத்து, கொதிக்கவைத்து ஆறிய கண்ணாடிக் குப்பி ஒன்றை நானே கொடுத்தேன். சோதனை தெளிவாக இருந்தது. வார்த்தையால் சொல்வதைவிடக் காட்டுவது மேல் என்று எண்ணி அவரையே பார்க்கச் சொன்னேன். கண்ணை வைத்தவர் எடுக்கவில்லை. அவருடைய முதுகைத்தான் என்னால் பார்க்க முடிந்தது. அது முதலில் விறைத்திருந்தது. பிறகு மெல்லத் தளர்ந்தது. அவர் நிமிர்ந்தபோது, நான் முன்கூட்டியே தயாரித்து வைத்திருந்ததைச் சொன்னேன்: இது அசைவை மட்டுமே காட்டுகிறது, உங்கள் மனைவியைப் பற்றி ஒன்றும் காட்டவில்லை, இதைக் கொண்டு எதையும் தீர்மானிக்க வேண்டாம்.

அவர் தலையசைத்தார். நான் சொன்ன முதல் பாதியை அவர் கேட்டார். இரண்டாம் பாதியின்போது அவர் காதுகள் திறந்திருந்தன என்பதற்கு மேல் நான் எதற்கும் சாட்சி சொல்ல மாட்டேன்.

தை மாதத்தில் கடையத்தில் திருமணம் நடந்தது. பெரிய டாக்டருக்கும் எனக்கும் பத்திரிகை வந்தது. நாங்கள் போகவில்லை. மறு ஆண்டு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஊர் அதை ஒரு தீர்ப்பாக எடுத்துக்கொண்டது.

நான் செய்தது சரியா என்று நீங்கள் கேட்கலாம். அந்த மனிதர் ஆற்றில் இறங்கவில்லை. ஒரு குழந்தை பிறந்தது. ஒரு பெண் பின்கட்டுக்குப் போனாள், தெரிந்தே போனாள். இந்த மூன்றையும் ஒரே தராசில் வைக்க எனக்குத் தெரியவில்லை; வைத்துக்காட்டுபவர்களை நான் நம்புவதுமில்லை. ஆனால் ஒன்றில் எனக்கு ஐயமில்லை. ஒரு முடிவு யார் தலையில் விழப்போகிறதோ, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நாங்கள் இருவரே பேசி முடித்திருந்தோம். அது பிழையென்று எங்களுக்குச் சொல்ல, மருத்துவம் படிக்காத ஒருத்தி வேண்டியிருந்தது. நீங்கள் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம்.

குழந்தைக்கு அம்மை குத்துவதற்கு அந்த அம்மாளே இடுப்பில் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். பெற்றவள் ஊசியைக் கண்டால் மயங்கி விழுவாளாம். இளைத்திருந்தார், பேச்சில் பழைய துடுக்கு மட்டும் இருந்தது. குத்தி முடிந்து குழந்தை அழுது ஓய்ந்தபின், என் மனைவி மூலமாக ஒன்று கேட்டார். அன்றைக்கு அந்தப் பூதக்கண்ணாடியில் என்னதான் பார்த்தீர்கள், எனக்குக் காட்ட முடியுமா என்று.

அதைக் காட்ட இயலாது. அதன் இனத்தைச் சேர்ந்த இன்னொன்றைக் காட்டலாம் என்றேன். வாய்க்கால் நீரில் வைக்கோலை ஊறவைத்து ஒரு ஜாடியில் நுண்ணுயிர்கள் வளர்த்துவந்தேன். மைக்ராஸ்கோப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு துளியைத் தகட்டில் வைத்துக்கொடுத்துவிட்டு அறைக்கு வெளியே நின்றுகொண்டேன். செருப்பு வடிவத்தில், உடல் முழுவதும் மயிரிழைகள் அடித்துக்கொண்டு நீந்தும் உயிர்கள். வைக்கோல் துணுக்கில் முட்டினால் அவ்விழைகள் எல்லாம் எதிர்ப்புறமாக அடிக்கும்; அது பின்வாங்கும்; சற்றுத் திரும்பி வேறு பக்கம் போகும்.

அவர் பார்த்துக்கொண்டே கேட்டார். “யாரு சொல்லிக்கா இது திரும்புது?”

என் மனைவி என் பக்கம் பார்த்தாள். யாரும் சொல்வதில்லை, அதற்கு மூளையும் கிடையாது, அந்த ஓர் உயிரணு தானே முடிவு செய்கிறது என்றேன்.

“அதுவாவே போவணும்னா போவுமா? நிக்கணும்னா நிக்குமா?”

“அப்படித்தான்.”

“அப்பம் நம்மளவிடக் கொடுத்துவச்சதுதான்” என்று சொல்லிவிட்டு, குழந்தையின் கையைத் தன் கழுத்திலிருந்து விடுவித்துக்கொண்டு நகர்ந்தார்.

என் மனைவி அந்த மைக்ராஸ்கோப்பை அதுவரை தொட்டதில்லை. அன்று தானாகவே வந்து குனிந்து கண்ணை வைத்தாள். அந்த அம்மாள் விடைபெற்றதற்குத் தலையை மட்டும் அசைத்தாள். வாசலில் வண்டி புறப்பட்டுப் போன பிறகும் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். தகட்டின் ஓரங்களில் நீர் வற்றத் தொடங்கியிருக்கும், உள்ளே அவை ஒவ்வொன்றாக வேகம் குறைந்துகொண்டிருக்கும் என்பது எனக்குத் தெரியும். இன்னொரு துளி விட வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவளாக நிமிரும்வரை அறை வாசற்படியிலேயே நின்றேன்.